மாவு பிசைந்தவர் முதலில்

“நான் அவளைத் திட்டலையே அம்மா. புகழ்ந்துதானே பேசினேன்? புகழ்ந்ததுக்காக ஒருத்தி வீட்டைவிட்டு வருவாளா?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேராசிரியர் தனுஷ்கோடி கேட்டுவிட்டார்.

பிரம்முக்கா கிணற்றடியில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த வாளிக்குத் தார் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உள்ள வாங்க சார். வாசல்லயே நிக்காதிய. உள்ள வாங்க.”

மலையடிவாரத்தில் ஒரு மடம் அது. மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைவுக்கு வந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஓட்டுக்கூரை இரண்டு, தகரக் கொட்டகை ஒன்று, கிணறு ஒன்று. அவ்வளவுதான்.

பிரம்முக்காவின் முழுப்பெயர் பிரம்மசக்தி. வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எழுபது வயதுக்காரர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ தெரியாது. அவர் ‘உள்ள வாங்க’ என்று சொல்லும்போது நம்பத் தோன்றும்.

தனுஷ்கோடி உள்ளே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். சொற்கள் என்றால் அவருக்கு உயிர். எந்தச் சொல்லைக் கண்டாலும் இரண்டு கேள்வி கேட்பார். எப்போதிலிருந்து? எங்கிருந்து? கேட்டுக் கேட்டுச் சேர்த்ததையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டிருந்தார். அதன் வெளியீட்டு விழா முடிந்த மறுநாள் காலையில்தான் அவருடைய மனைவி சண்முகவடிவு ஒரு கட்டைப்பையோடு பஸ் ஏறி இந்த மடத்துக்கு வந்துவிட்டார்.

“என்ன சொல்லிப் புகழ்ந்திய?”

“லேடின்னு சொன்னேன்.”

“அதுல என்ன இருக்கு? பஸ்ஸுலயே எழுதிப் போட்டிருக்கு, லேடீஸ்னு.”

“அதுதாம்மா விஷயமே!”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பாடம் தொடங்குகிறது என்பதற்கு அது அடையாளம். அவருடைய பழைய மாணவர்கள் இதைப் பார்த்ததும் பேனாவைத் திறப்பார்கள்.

“இங்கிலாந்துல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால அந்தச் சொல்லு இப்படி இல்ல. ஹ்லாஃப்டியே. ஹ்லாஃப்னா ரொட்டி. மிச்சம் இருக்கிற பாதிக்கு மாவு பிசையறவள்னு அர்த்தம். ரொட்டி பிசைகிறவள். அதுதான் லேடி. வீட்டுத் தலைவனுக்கு என்ன பேரு தெரியுமா? ஹ்லாஃப்வேர்ட். ரொட்டியைக் காக்கிறவன். அதுதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு லார்ட்னு ஆச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் ரொட்டி பிசைஞ்சவ வீட்டுக்கு எஜமானி ஆனா. எஜமானி சீமாட்டி ஆனா. பிறகு மரியாதைக்கு எல்லாப் பொம்பளைகளையும் லேடின்னே சொல்ல ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு லேடீஸ் டெய்லர், லேடீஸ் ஹாஸ்டல்.”

“அந்த மாவு எங்க போச்சு?”

“தேய்ஞ்சு போச்சும்மா. சொல்லு தேயும்போது எழுத்தும் உதிரும், அர்த்தமும் உதிரும். பக்கத்துல இருக்கிறவங்களுக்கே தெரியாது. அவ்வளவு மெதுவா நடக்கும்.”

பிரம்முக்கா வாளியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னும் ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே தெரிந்தது. மறுபடி தாரை எடுத்தார்.

“மேடையில என்ன சொன்னிய? அப்படியே சொல்லுங்க.”

பேராசிரியருக்கு அது மனப்பாடம். எழுந்து நின்றே சொன்னார்.

“‘எனக்குச் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து ஓர் இரவுகூடத் தவறாமல் எனக்காக மாவு பிசைந்தவர் இவர். அந்த ரொட்டியைத்தான் நாங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாகப் பங்கிட்டு உண்கிறோம். ஆகவே, சொல்லின் முதல் பொருளில், முழுப் பொருளில், இதோ நிற்கிறார் ஒரு லேடி.’ அதுக்கு முன்னாலயே அவளை மேடைக்குக் கூப்பிட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தச் சொல்லியிருந்தேன்.”

“சனங்க கை தட்டினாங்களா?”

“தட்டாம? அரங்கமே தட்டுச்சு.”

“எந்த இடத்துல கூடுதலாத் தட்டினாங்க?”

பேராசிரியர் யோசித்தார்.

“பங்கிட்டு உண்கிறோம்னு சொன்ன இடத்துல.”

பிரம்முக்கா தலையை ஆட்டினார். தாருக்கா பேச்சுக்கா என்று தெரியவில்லை.

“வடிவு அக்கா கீரை ஆஞ்சிட்டு இருக்காவ. போய்ப் பாருங்க.”

*

சண்முகவடிவு கொட்டகைக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கணவரைக் கண்டதும் எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பேராசிரியருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“மாத்திரை போட்டியளா?”

“போட்டேன்.”

“ராத்திரிக்கு என்ன சாப்பிடுதிய?”

“ஓட்டல்ல.”

“பரோட்டாவா?”

பேராசிரியர் கீரையைப் பார்த்தார். அதுவே பதில்.

“சுகர் ஏறிக் கெடக்கும்,” என்றார் சண்முகவடிவு. நிஜமான கவலை அது.

“அப்ப வா, வீட்டுக்குப் போவோம்.”

சண்முகவடிவு மறுபடி உட்கார்ந்து கீரையைக் கையில் எடுத்தார்.

“நான் சொன்னதுல என்ன தப்பு, வடிவு?”

“தப்பு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் பேசினிய. எல்லாரும் சொன்னாங்களே.”

“பிறகு ஏன் வந்த?”

“தெரியலங்க. நீங்க பேசப் பேச, அங்க நிக்கிறது யாரோன்னு இருந்துச்சு. ராத்திரி மாவு பிசையக் கை வச்சேன். கை ஓடல. எப்படியோ பிசைஞ்சு போட்டேன். காலையில கெளம்பிட்டேன்.”

“என்ன செஞ்சா வருவ? அதச் சொல்லு.”

“எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேனே.”

அவள் வராவிட்டால்? இந்தக் கேள்வியைப் பேராசிரியர் இதற்கு முன் தனக்குள் கேட்டுப் பார்த்ததே இல்லை. வீடு முழுக்க அகராதிகள் இருந்தன. அந்த வீட்டில் இந்தச் சில நாட்களாக ஒரு சத்தமும் இல்லை.

*

“அவளுக்கே காரணம் தெரியலங்கிறா,” என்றார் பிரம்முக்காவிடம் திரும்பி வந்து.

“நீங்கதான் எதுக்கும் காரணம் கண்டுபிடிக்கிற ஆளாச்சே.”

“சொல்லுக்குக் கண்டுபிடிப்பேன். ஆளுக்கு எப்படி?”

பிரம்முக்கா வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இந்தமுறை ஒழுகவில்லை.

“பிசையறவ இருக்கா. காக்கிறவன் இருக்கான். திங்கிறது யாரு?”

பேராசிரியர் முகம் சட்டென்று மலர்ந்தது.

“ஆகா! அதுக்கும் ஒரு சொல் உண்டும்மா. ஹ்லாஃப்ஏட்டா. ரொட்டி தின்கிறவன்.”

“அது யாரு?”

“அந்த வீட்டை அண்டிப் பிழைக்கிறவன். வேலைக்காரன். அந்தச் சொல் அப்பவே செத்துப்போச்சு.”

“இதை மேடையில சொன்னியளா?”

“விழாவுல அது எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“ம்.”

பிரம்முக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலடி போய்த் திரும்பி, “உங்க வீட்டுல திங்கிறது யாரு சார்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பேராசிரியர் துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

கிடைத்துவிட்டது!

கிட்டத்தட்ட ஓடினார் என்றே சொல்ல வேண்டும். சண்முகவடிவு கீரையை அலசிக்கொண்டிருந்தார்.

“வடிவு, இப்பப் புரிஞ்சிடுச்சு. நான் லார்டே இல்ல. காக்கிறவனே இல்ல. ரொட்டி தின்கிறவன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால அதுக்கு வேலைக்காரன்னு அர்த்தம். நான் உன் வேலைக்காரன். மன்னிச்சுக்கோ.”

சண்முகவடிவு அவரைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் சோர்ந்துபோனது.

“இதுவும் அந்தப் புத்தகத்துல உள்ளதுதானா?”

“புத்தகத்துல போடல. விட்டுட்டேன்.”

“அடுத்த பதிப்புல போட்டுருங்க,” என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பேராசிரியருக்கு உறைத்தது.

*

அன்று அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

மறுநாள் பிரம்முக்காவைத் தேடிப் போய், “எனக்கு ஏதாவது வேலை கொடுங்க,” என்றார். “சும்மா உட்கார்ந்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும்.”

“என்ன வேலை தெரியும்?”

“சொல்லுக்கு மூலம் பார்க்கத் தெரியும்.”

“அத எப்படிப் பாப்பிய?”

“முதல்ல, ஊகிக்கக் கூடாது. ஊகிச்சா அழகான பொய்யெல்லாம் வரும். அந்தச் சொல்லை எங்கெங்க யார் எப்படிப் புழங்குறாங்கன்னு பக்கத்துல இருந்து பார்க்கணும். சொல்லு தானா காட்டிக்கொடுக்கும்.”

“எவ்வளவு நேரம் பாக்கணும்?”

“தெரியும்வரைக்கும்.”

“நல்ல வேலைதான்,” என்றார் பிரம்முக்கா. “சாயங்காலம் நீங்க மாவு பிசைங்க.”

“நானா?”

“கை இருக்குல்லா?”

மடத்தில் ராத்திரிச் சாப்பாடு ரொட்டிதான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மாவு பிசைவது முறைவைத்து ஒரு நாளைக்கு ஒருவர். சுடுவதற்கு எல்லோரும் கை கொடுப்பார்கள்.

பேராசிரியர் தாம்பாளத்தில் மாவைக் கொட்டினார். தண்ணீர் விட்டார். தண்ணீர் கூடிவிட்டது. மாவு போட்டார். மாவு கூடிவிட்டது. தண்ணீர் விட்டார். இப்படியே போய்க் கடைசியில் மடத்துக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்துக் காணும் அளவுக்கு மாவு வந்து நின்றது. முழங்கை வரை அப்பிக்கொண்டது. கண்ணாடி மூக்கில் சரிந்தது. அதைத் தள்ளக் கை இல்லை.

சுடுகிற அடுப்படியில் சிரிப்பு தாங்க முடியவில்லை. சண்முகவடிவும் சிரித்தார். பேராசிரியருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார். எவ்வளவு நாள் என்று தெரியவில்லை.

ரொட்டி தயாரானது. எல்லோரும் கொட்டகையில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பேராசிரியரும் வரிசையில் போய் உட்காரப்போனார். முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்து அவரைத் தடுத்து, எதிரே நடுவில் தனியாகக் கிடந்த பாயைக் காட்டினார்.

“உங்களுக்கு அங்க சார்.”

“ஏன்?”

“இங்க அப்படித்தான். மாவு பிசைஞ்சவங்க முதல்ல சாப்பிடணும். அவங்க சாப்பிட்டு எந்திரிச்சாத்தான் மத்தவங்களுக்கு.”

நேற்று இது அவர் கண்ணில் படவில்லையா என்று கேட்கலாம். நேற்று அவர் சாப்பாட்டுக்கே வரவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

தட்டில் சூடாக ரொட்டியும் பருப்பும் வந்தன. எதிரே அத்தனை பேரும் வெறுந்தட்டோடு காத்திருந்தார்கள். யாரும் அவரை முறைக்கவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான் இருந்தது. பசியில் கண்ணுக்கு வேறெங்கே போகத் தோன்றும்? வரிசையில் சண்முகவடிவும் இருந்தார்.

பேராசிரியர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். இறங்கவில்லை. அள்ளி அள்ளித் திணித்தார். விக்கியது. தண்ணீர் குடித்தார். பாதியிலேயே எழுந்துவிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் பிரம்முக்கா நின்றிருந்தார்.

“இது என்ன வழக்கம்மா? இத்தனை பேர் பசியோட பார்த்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் எப்படிச் சாப்பிடுவான்?”

“உங்களுக்குப் பழக்கம் இருக்கும்னு நெனச்சேன்.”

பேராசிரியர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அவர் வீட்டில் நடப்பது இதுதான். ஏழரை மணிக்கு டி.வி.யில் செய்தி வரும்போது அவர் சாப்பிட உட்காருவார். கல்லிலிருந்து ஒவ்வொன்றாகச் சூடு ஆறாமல் தட்டுக்கு வரும். நான்காவது வந்ததும் போதும் என்று கையைக் காட்டுவார். எழுந்து கை கழுவிவிட்டு அகராதி அறைக்குப் போவார். பிறகு சமையலறையில் விளக்கு எப்போது அணையும் என்பது அவருக்குத் தெரியாது.

வரிசையில் இப்போது சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தார். சண்முகவடிவு அவர் பிசைந்த ரொட்டியைப் பொடிப்பொடியாகப் பிய்த்து ஒரு கிண்ணம் பருப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வளவு கல்லாகவா போய்விட்டது என்று பேராசிரியருக்கு அவமானமாக இருந்தது.

*

காலையில் பையை எடுத்துக்கொண்டு பிரம்முக்காவிடம் வந்தார்.

“நான் கிளம்புறேம்மா.”

“ஏன்?”

“நீங்க காட்டினது புரிஞ்சுது. நான் அவளைக் காக்க வச்சுத் தின்னிருக்கேன். இனிமே நானே மாவு பிசையறேன், அவளுக்கு முதல்ல போடுறேன்னு நேத்து ராத்திரியே சொல்லிட்டேன்.”

“அக்கா என்ன சொன்னாவ?”

“‘சரி’ன்னா.”

“வாராவளாமா?”

“அதுக்கு ஒண்ணும் சொல்லல.” பையை இன்னொரு கைக்கு மாற்றினார். “இதுக்கு மேல எனக்கு என்ன செய்யணும்னு தெரியலம்மா. என்ன கேட்டாலும் சரிங்கிறா. ஒண்ணுமில்லங்கிறா. அவ வராம நான் அந்த வீட்டுல எப்படி இருப்பேன்?”

பிரம்முக்கா அவருடைய பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

“இன்னைக்கு அக்கா முறை. சாப்பிட்டுட்டுப் போங்க.”

“சாப்பிட்டா என்ன ஆகும்?”

“பசி போகும்.”

*

சாயங்காலம் சண்முகவடிவு மாவு பிசைந்தார்.

பிசைந்தார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். தண்ணீர் ஒருமுறை, உப்பு ஒருமுறை. தாம்பாளத்தில் ஒரு துளி ஒட்டவில்லை. அவர் பாட்டுக்குச் சுடலைமுத்துவின் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துக்கொண்டே பிசைந்தார்.

ரொட்டிகள் உப்பி வந்தன. எல்லோரும் வரிசையில் உட்கார்ந்தார்கள். சண்முகவடிவு நடுப்பாயில் உட்கார்ந்தார்.

பேராசிரியர் வரிசையில், சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல பசி. வேறு வேலை இல்லாததால் அவரும் எல்லோரையும் போல எதிரே பார்த்தார்.

அவர் மனைவி சாப்பிடுவதை அவர் பார்த்தார்.

யாரும் கேட்காமலே ஒருவர் எழுந்துபோய் ஒரு கிண்ணம் பருப்புத் தண்ணீரைச் சூடாகக் கொண்டுவந்து சண்முகவடிவின் பக்கத்தில் வைத்தார். இன்னொருவர் வெந்நீர் வைத்தார். இது இங்கே தினமும் நடப்பது என்று பார்த்தாலே தெரிந்தது.

சண்முகவடிவு ரொட்டியை நகத்தளவு துண்டுகளாகப் பிய்த்தார். கிண்ணத்தில் போட்டார். காத்திருந்தார்.

ரொட்டி மெத்தென்று இருந்தது. பஞ்சு மாதிரி இருந்தது. இதை எதற்கு ஊறவைக்க வேண்டும்?

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

சண்முகவடிவு ஊறிய ஒரு துண்டை எடுத்து வாயின் இடது ஓரத்தில் வைத்தார். நாக்கால் அதை அங்கேயே நிறுத்தி, முன்பற்களுக்கும் போகாமல் வலப்பக்கமும் போகாமல், மெல்ல மெல்ல மென்றார். ஒரு வாய் விழுங்க அவ்வளவு நேரம் பிடித்தது. அடுத்த துண்டில் ஏதோ தவறி வலப்பக்கம் போய்விட்டது போலிருக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை தானாகக் கன்னத்துக்குப் போய் அழுத்தியது. கொஞ்சம் வெந்நீர் குடித்தார். மறுபடி இடது ஓரம்.

வரிசையில் ஒருவரும் அவசரப்படவில்லை.

“அக்காவுக்கு நேரமாகும் சார்,” என்று சுடலைமுத்து காதோடு சொன்னார். “வலப்பக்கம் கடவாய்ப்பல் ஒண்ணுகூட இல்ல. இடப்பக்கம் இருக்கிறதும் ஆடுது. ரொட்டி ஆகாது அவங்களுக்கு. வீட்டுல கஞ்சிதான் குடிப்பாங்களாம்.”

“கஞ்சியா?”

“உங்களுக்குத் தெரியாததா சார்?”

சுடலைமுத்து மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார்.

பேராசிரியர் காதில் கைதட்டல் கேட்டது. அரங்கம் முழுக்க. எந்த இடத்தில் கூடுதலாகத் தட்டினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் அவள் தன் பக்கத்தில் பொன்னாடையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. வாய் திறக்காமல் சிரித்தாள். எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். எப்போதுமா?

இல்லை. கல்யாண போட்டோவில் பல் தெரியச் சிரித்திருந்தாள். அடுப்படியில் நேற்றுச் சிரித்தபோது கையால் வாயை மறைத்திருந்தாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. ஒரே வீட்டில் ஒரு கதவு தள்ளி இது நடந்திருக்கிறது.

எழுந்தார். சுடலைமுத்து வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“அவங்க முடிக்கட்டும் சார். முறை அப்படி.”

வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த பிரம்முக்கா, விடச்சொல்லிக் கையைக் காட்டினார்.

பேராசிரியர் நடந்துபோய் மனைவியின் எதிரில் உட்கார்ந்தார். முட்டி மடங்கவில்லை. கையை ஊன்றிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. தொண்டையைச் செருமவில்லை.

“வடிவு.”

சண்முகவடிவு மெல்வதை நிறுத்தினார்.

“எப்போ இருந்து?”

சண்முகவடிவு கன்னத்திலிருந்த கையை எடுத்துவிட்டார். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்ல வாயெடுத்தது நன்றாகத் தெரிந்தது. சொல்லவில்லை.

“முதல்ல எந்தப் பல்லு?” என்றார் பேராசிரியர். “எங்க ஆரம்பிச்சுது?”

சண்முகவடிவின் கண் நிறைந்துவிட்டது. கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அது பெரிய கதைங்க.”

“சொல்லு.”

“உங்களுக்குப் பசிக்கும்.”

“சொல்லு, வடிவு.”

சண்முகவடிவு பாயில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிரம்முக்கா எழுந்தார். அந்த மடத்தில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வந்து முதல் தட்டில் இரண்டு ரொட்டியைப் போட்டார்.

“எல்லாரும் சாப்பிடுங்க,” என்றார். “அவங்க முடிக்க நேரமாகும்.”